கல்லானவளுக்கு நினைவு உண்டா

எனக்குக் கோபம் மூக்கு மேலே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். இருக்கட்டும். அரைகுறையாகப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர்களைப் பார்த்து வராத கோபம் வேறு எதற்கு?

அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகும் சாலையில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் என் அலுவலகம். நூல் வியாபாரிகளுக்கும் துணிக்கடைக்காரர்களுக்கும் ஜிஎஸ்டி பார்த்துக் கொடுப்பது தொழில். ஒரே துணியைப் பற்றி வருஷ ஆரம்பத்தில் வந்த சுற்றறிக்கை ஒன்று சொல்லும். மழைக்காலத்தில் வந்தது அதையே மறுத்துச் சொல்லும். இரண்டும் அரசாங்கம் போட்டதுதான். இரண்டையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, எது எதற்குப் பொருந்தும் என்று பிரித்துச் சொல்வதில் எனக்கு இணையான ஆள் இந்த ஊரில் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அதே மேசையில் எங்கள் ஆட்டம் நடக்கும். பேசியே ஆடுகிற ஆட்டம் அது. கெட்டி அட்டை போட்ட ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் விதிகள் இருக்கும். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். நான் ஆட்டம் நடத்துகிறவள். குகை, மழை, ராஜா, பிசாசு எல்லாம் நான்தான். “கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள், என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்பேன். அவர்கள் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம். இப்படி ஒரே கதை வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். திருச்செங்கோட்டில் போர்வெல் லாரிக் கம்பெனி ஒன்றைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஒருவர், அவர் வாள்வீரர். பக்கத்துத் தெருவில் பிசியோதெரபி பார்க்கிற பையன். கல்யாணமாகி ஒரு குழந்தைக்கு அப்பா, இருந்தாலும் எனக்குப் பையன்தான். அவன் திருடன். மூன்றாவது என் சிநேகிதி. கல்யாணத்துக்கு முன் என்னிடம் வேலை பார்த்தவள். பிறந்த ஊர் பரமத்தி வேலூர், வாழ்க்கைப்பட்டது பனமரத்துப்பட்டியில் அரளித் தோட்டம் வைத்திருக்கிற குடும்பத்தில். அவள் மந்திரக்காரி. அவளுடைய மந்திரக்காரி எந்த மந்திரம் போட்டாலும் கையில் வெற்றிலை இருக்க வேண்டும் என்று அவளே வைத்துக்கொண்டாள். அதற்காகப் பிறந்த வீட்டுக் கொடிக்காலிலிருந்து வந்த வெற்றிலையை நிஜமாகவே ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவருவாள்.

எங்கள் மேசையில் குட்டிச்சாத்தானுக்குக்கூட ‘ங்க’ உண்டு. “ஏனுங்க, உங்க தலையைக் கொஞ்சம் வெட்டிக்கறேனுங்க” என்று சொல்லிவிட்டுத்தான் எங்கள் வாள்வீரர் வெட்டுவார்.

அவள் அந்த மேசைக்கு வந்து சேர்வது லேசான காரியம் அல்ல. அரளி மொட்டை விடிவதற்குள் பறித்தாக வேண்டும். வெயில் ஏறி விரிந்துவிட்டால் பூ மார்க்கெட்டில் மதிக்க மாட்டார்கள். பறித்து, மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, சமையல், பிள்ளைகள், மாடு என்று எல்லாம் முடித்துத்தான் ஸ்கூட்டரை எடுப்பாள். “அக்கா, வாரத்துல மிச்ச நாளெல்லாம் நான் மருமக, பொண்டாட்டி, அம்மா. இங்க வந்தாத்தான் நான் நெனைச்சதைப் பேசறேன்” என்பாள். இதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டாள்.

முதலில் பகடை என்று கேள்விப்பட்டதும் அவள் மாமியார் பதறிப்போனாராம். “சூதாட்டமா?” காசு வைத்து ஆடுவதில்லை என்று புரியவைத்த பிறகு ஒரு தீர்ப்புச் சொன்னார்: “ஆரம்பிச்சுப்போட்டே. அந்த ஆட்டம் முடியற வரைக்கும் போய்ட்டு வா.” நியாயமான தீர்ப்புதான். ஆனால் பிறகு ஒரு காதுகுத்து விசேஷத்தில் ஒரு உறவுக்காரம்மா, “இன்னும் எத்தனை நாளைக்கு மருமகளை ஸ்கூட்டர்ல ஊர் மேய விடுவீங்க?” என்று கேட்க, மாமியார் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்: “அதுல அவளோட ஆளு சாகற வரைக்குந்தான்.” அன்றிலிருந்து மந்திரக்காரிக்கு ஒரு கீறல் விழுந்தாலும் எங்களுக்குப் பக்கென்றிருக்கும். அந்தக் காகிதப் பெண் செத்தால் இவளுடைய ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இனி, நாங்கள் அதிகாரி என்று பட்டம் வைத்திருக்கிற ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தகம் போட்ட கம்பெனி, சந்தேகம் கேட்கிறவர்களுக்கு இணையத்தில் பதில் சொல்ல ஓர் ஆளை வைத்திருக்கிறது. வாள், வில், குதிரை பற்றியெல்லாம் ஒழுங்காகத்தான் சொல்வார். மந்திரம் என்று வந்துவிட்டால் மனுஷனுக்கு நாக்கு நிற்காது. நெருப்பு மந்திரம் தண்ணீருக்குள் எரியுமா என்று ஒருவர் கேட்டதற்கு எரியும் என்றார். இன்னொருவருக்கு, நடத்துகிறவர் இஷ்டம் என்றார். வாயைக் கட்டிவிட்டால் மந்திரம் சொல்ல முடியாது என்று ஒரு தடவை. முனகினாலே போதும் என்று இன்னொரு தடவை. எல்லாம் ஒற்றை வரிப் பதில்கள். எனக்கு அந்த ஆளை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருக்கும்.

“மாமியா ஒடைச்சா மண்கொடம், மருமக ஒடைச்சா பொன்கொடம். அந்தாளு நாயம் அப்படித்தானுங்க இருக்குது” என்றார் போர்வெல் அண்ணன் ஒருமுறை.

“என்ற மாமியாரை அதுல சேர்க்காதீங்கண்ணா. அவங்க ஒடைச்சாலும் பொன்கொடந்தான். வீடே அதிர்ற மாதிரி அவங்களையே திட்டிக்குவாங்க” என்றாள் இவள். நாங்கள் சிரித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போனோம்.

அந்தக் குகைக்கு வருகிறேன். உள்ளே ஒரு பிசாசு. அதன் கண்ணைப் பார்த்தவர்கள் கல்லாகிவிடுவார்கள். வழியெல்லாம் கற்சிலைகளாக நிற்கிறார்கள் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மூன்று பேரும் விவரமாக, தலையைக் குனிந்துகொண்டு, தரையை மட்டும் பார்த்து நடக்கிறோம் என்றார்கள். நல்லது. நான் பிசாசின் குரலை எடுத்தேன்; அப்போது என் முகம்தான் அதன் முகம். பயங்கரமாக உறுமுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எதற்கு உறுமுகிறேன்?

“அடடே, வாங்க வாங்க! எந்த ஊருங்க? வேகாத வெயில்ல வந்திருக்கறீங்க, உக்காந்து தண்ணி குடிங்க.”

“வாரமுங்க, பரமத்தி வேலூருங்க” என்று சொல்லி, என் சிநேகிதி தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஏனம்மிணி, குனிஞ்சு வாரேன்னுதான சொன்னீங்க?” என்றார் அண்ணன், தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக.

“வாங்கன்னு கூப்புட்டா பின்ன தரையைப் பாத்தா பதில் சொல்லுவாங்க?” என்றாள் அவள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எந்த நாட்டிலோ உட்கார்ந்து அந்தப் பிசாசை உருவாக்கியவனுக்கு இப்படி ஒரு பலவீனம் உலகத்தில் உண்டு என்று தெரிந்திருக்காது. எங்கள் பக்கத்தில் ‘வாங்க’ என்ற சொல்லுக்கு முகம் கொடுக்காமல் போகிற கழுத்து யாருக்கும் கிடையாது.

தப்பிக்க ஒரு பகடை உண்டு. உருட்டினாள், விழவில்லை. மந்திரக்காரி கல்லானாள். கல்லானவளைத் திருப்பிக் கொண்டுவர வழி இருக்கிறது, அதனால் யாரும் பெரிதாக வெசனப்படவில்லை. ஆனால் பிசாசுக்கு ஒரு வேலைக்காரன், மலை மாதிரி ஆள், கையில் சம்மட்டி. அவன் முறை வந்தது. அவன் பகடை நன்றாகவே விழுந்தது. சிலை மேலிருந்து கீழ் வரை நொறுங்கிப்போனது. நொறுங்கினால் திரும்ப வழி கிடையாது.

“இருங்க இருங்க!” என்று பிசியோ பையன் எழுந்தே விட்டான். “ஆட்டம் ஆரம்பிச்சப்பவே அவங்க உயிர்க்காவல் போட்டாங்க அக்கா. வெத்தலையைக் காட்டினாங்க, நான் பார்த்தேன்.”

போட்டது உண்மை. எனக்கும் ஞாபகம் இருந்தது. அந்த மந்திரம் மேலே இருந்தால், சாகிற அடி விழுந்தாலும் ஒரு மூச்சு மிஞ்சும். அப்படியானால் அவள் பிழைப்பாள். கல்லான பிறகும் அந்த மந்திரம் அவள் மேல் இருந்ததா, கலைந்ததா? அவ்வளவுதான் கேள்வி. அவ்வளவில்தான் எல்லாம் இருந்தது.

டீ சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துத் தேடினோம். நம்ம அதிகாரி ஏமாற்றவில்லை. இரண்டு பதில் வைத்திருந்தார். முதல் பதில்: கல்லானவருக்கு நினைவு இல்லை, மந்திரம் கலைந்துவிடும். சில வருஷம் கழித்து வந்த இரண்டாவது பதில்: கல்லானவர் அந்தக் கணத்தில் எப்படி இருந்தாரோ அப்படியே நிற்கிறார், அவர் மேல் இருந்ததெல்லாம் அவரோடு நிற்கும்.

“பின்னாடி வந்ததுதான் செல்லும்” என்றார் அண்ணன். “புது உத்தரவு வந்தா பழசு போச்சுல்லங்க?”

“எங்க போச்சு? பழசை ரத்துன்னு அவர் எங்கயும் சொல்லலையே” என்றான் பையன். சொன்ன பிறகுதான், தான் யாருக்கு எதிராகப் பேசுகிறோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அண்ணனுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. “எதுக்குங்க இத்தனை ரோதனை? பூக் கேட்டுருவோம். அம்மிணி வண்டியில அரளி இருக்குமே. வெள்ளை ஒரு பொட்டலம், செவப்பு ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா பொழைச்சா. எங்க கம்பெனியில எந்தப் பக்கம் வண்டி அனுப்பறதுன்னாலும் அப்படித்தான். சாமி தப்பாச் சொன்னதில்லைங்க.”

இரண்டு நிறமும் அவள் வண்டிப் பெட்டியில் இருந்தன. என் அலுவலகச் சாமி படத்துக்கு எப்போதும் கொண்டுவருவாள். ஒரு நொடி எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பாரத்தைச் சாமி மேல் போட்டுவிட்டு நான் டீ குடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அப்படிச் செய்வதற்கு நான் எதற்கு, அந்த மேசை எதற்கு?

“பூக் கேக்கறது கோயில்லண்ணா. இங்க எழுதி வெச்சது இருக்குது. படிச்சுப் பாக்காம சாமியைத் தொந்தரவு பண்ணக்கூடாது.”

“பகடையை மட்டும் நம்பறீங்க?”

“வெட்டு விழுந்துச்சா இல்லையான்னு பகடை சொல்லும். விழுந்தா என்ன ஆகும்னு அது சொல்லாது. அதை நான்தான் சொல்லணும், காரணத்தோட சொல்லணும்.”

என் சிநேகிதி வெற்றிலையை விரலில் உருட்டிக்கொண்டே சொன்னாள்: “அக்கா, எனக்காக வளைக்காதீங்க. பாவம் பாத்து என்னைப் பொழைக்க வெச்சீங்கன்னா எனக்குத் தெரிஞ்சுரும். அப்புறம் நானே வர மாட்டேன்.”

 தீர்ப்புச் சொல்கிறவளுக்கு வேண்டியவள் யாரும் இருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அவர்கள் தீர்ப்புச் சொன்னதே இல்லை என்று அர்த்தம்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பதில் முட்டிக்கொண்டால் பதில்களைப் பார்க்க மாட்டேன். அவற்றுக்கு வந்த கேள்விகளைப் பார்ப்பேன். சுற்றறிக்கையும் அப்படித்தான். எவனோ ஒருவன் எதையோ கேட்டதற்குச் சொன்ன பதிலைத்தான் ஊர் முழுக்கத் தன் தலையில் கட்டிக்கொள்கிறது. கீழே கீழே தள்ளிப்போய் இரண்டு கேள்விகளையும் பிடித்தேன். இரண்டாவது பதிலைக் கேட்டவர் விஷத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்: பாம்பு கடித்தவர் கல்லாகிவிட்டால் விஷம் ஏறுமா? ஏறாது, அப்படியே நிற்கும் என்பது பதில். சரியான பதில். விஷத்தை யாரும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் பதிலைக் கேட்டவரோ, போட்டவர் மனதில் தாங்கிப் பிடிக்க வேண்டிய மந்திரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார். புத்தகத்தைத் திறந்து உயிர்க்காவலைப் பார்த்தேன். ‘போட்டவர் மனதில் தாங்கும் வரை’ என்று பளிச்சென்று இருந்தது. நினைவில்லாத கல் எதைத் தாங்கும்?

அந்த அதிகாரி இந்த ஒரு விஷயத்தில் முன்னுக்குப் பின் பேசவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். முரண்பட்டுத் தொலைத்திருந்தால் நான் நல்ல பக்கத்தை எடுத்திருப்பேன்.

புத்தகத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவளே படித்தாள். என்னிடம் வேலை கற்றவள்; இரண்டாம் தடவை படிக்கத் தேவைப்படவில்லை.

“செத்துட்டேன்க்கா” என்றாள்.

“ஆமா” என்றேன்.

கையில் இருந்த வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். அது அவளுக்கு இனித் தேவையில்லை.

கிளம்பும்போது மாடிப்படியில் நின்று அண்ணன், “ஊட்டுல சொல்லாம இருந்துக்கலாமுங்க அம்மிணி. பொம்மை செத்தது யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். அவள் தலையை ஆட்டினாள். “அத்தைகிட்டப் பொய் சொல்லிட்டு வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு வேண்டாமுங்கண்ணா.” நான் விடவில்லை. மாமியார் சொன்னதிலும் இரண்டு இருக்கிறது, முதலில் சொன்னது ஆட்டம் முடியும் வரைக்கும் என்றுதான், நான் வந்து பேசட்டுமா என்றேன். “உங்க சட்டமெல்லாம் எங்க ஊட்டுல எடுபடாதுக்கா” என்று ஹெல்மெட்டை மாட்டினாள். எப்போதும் “வாரேன்க்கா” என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவாள். அன்று சொல்லவில்லை. 

மறுநாள் அலுவலகத்தில் கூட்டம். தெரியாத எண்ணிலிருந்து ஃபோன்.

“ஏனுங்கம்மிணி, உங்க ஆட்டத்துல என்ற மருமக செத்துப்போயிட்டாளாமா?”

எதிரில் உட்கார்ந்திருந்த நூல் வியாபாரிக்கும் அது கேட்டிருக்கும். அவர் முகம் போன போக்கு அப்படி. ஆமாங்க என்றேன்.

“யாரு கொன்னது?”

“நான்தானுங்க.”

“நல்லா இருக்குது போங்க.” பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. “ராத்திரி நடந்ததைச் சொன்னதோட சரி, காத்தால இருந்து அவ வாயே தொறக்கலை. நீங்க நேர்ப்படச் சொல்லோணும். ஆட்டம் முடிஞ்சுதா, முடியலையா? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க.”

ஒற்றை வார்த்தை! அந்த அதிகாரி எப்படி அப்படியெல்லாம் பதில் சொல்லிவைத்தார் என்று முதல் தடவையாகப் புரிந்தது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும், வளைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

“முடியலைங்க. ஆள் செத்தா வேற ஆளை எடுத்துக்கலாம். கதை ஓடிட்டேதான் இருக்கும்.”

“அப்ப எப்பத்தான் முடியும்?”

“நாங்க நாலு பேரும் சலிச்சுப்போறப்பங்க.”

மோட்டாரை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார். “இதை மொதல்லயே சொல்லியிருந்தா நான் உட்டிருக்கவே மாட்டேன்.”

“தெரியுமுங்க.”

“ஆனா முடியற வரைக்கும் போய்ட்டு வான்னு என்ற வாயால சொல்லிப்போட்டேன்.”

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். தொழில் புத்தி விடவில்லை. “காதுகுத்துல நீங்க வேற மாதிரி சொன்னீங்கன்னு…”

“அது அந்தப் பொம்பளை வாயை அடைக்கச் சொன்னது! இத்தனை படிச்சிருக்கறீங்க, இது தெரியாதா? நான் சொன்னா சொன்னதுதான். அவ வருவா.” வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “இன்னொண்ணு. வாங்கன்னு கூப்புட்டவங்க மொகத்தைப் பாத்ததுக்கா அவளைக் கல்லாக்குனீங்க? வாங்கன்னு சொல்லிட்டுக் கொல்றவன் பிசாசா இருந்தாலும் மனுசனாங்க அவன்?”

அதற்கு விதி எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டர் சத்தம் கேட்டபோது டீ இன்னும் வந்திருக்கவில்லை. அரளியைப் படத்துக்கு வைத்தாள், உட்கார்ந்தாள், புது ஆள் ரெடி என்றாள். என்ன ஆள் என்று கேட்டதற்கு, “ஆரம்பிங்கக்கா, தெரியும்” என்றாள். சரி என்று மூவரையும் அதே குகை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் இரக்கம் காட்டவில்லை. பிசாசின் குரலை அதே தேன் ஒழுக எடுத்தேன்.

“அடடே, வாங்க வாங்க! எந்த ஊருங்க?”

அவள் தலையைத் தூக்கவில்லை. மேசையையே பார்த்துக்கொண்டு, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். ஃபோனில் நான் கேட்ட அதே குரல், அதே அதட்டல், அவள் வாயிலிருந்து வந்தது.

“ஊரு கெடக்குது. என்ற மருமகளை எங்கடா வெச்சிருக்கறே?”